முன் இருக்கையில் பாய்மரம்

எங்கள் கயாக்குக்குப் பாய் கட்டுவதா வேண்டாமா என்ற கதை போன புரட்டாதியில் தொடங்கியது. தொடக்கியவர் என் கணவர். பாய் கட்டட்டும், அதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பாய்மரத்தை நடுவதற்கு அவர் பார்த்துவைத்த இடம் முன் இருக்கை. அது நான் இருக்கிற இடம்.

கயாக் என்பது இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக இருந்து துடுப்பு வலிக்கிற பிளாஸ்டிக் படகு. அது எங்களுக்குக் கிடைத்ததே என்னால்தான். இங்கே இத்தாலியில், பலேர்மோவில், நான் இருபத்தாறு வருஷம் கூட்டித் துடைத்த வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, தன் கடற்கரை வீட்டை விற்றபோது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், நீ எடுத்துக்கொண்டு போ என்று எனக்குத் தந்தாள். ஆகவே அது என்னுடையது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத எனக்கு நேரம் எடுக்கும். என்றாலும் இதை முதலில் எழுதிவைக்க வேண்டும்.

அவர் மன்னார்க் கடற்கரை ஆள். அவருடைய ஊரில் பெண்கள் வள்ளத்தில் கால் வைப்பதில்லை. மீன் விற்கலாம், கருவாடு போடலாம், ஏறக்கூடாது. நானோ யாழ்ப்பாணத்தில் தோட்டக்கார வீட்டுப் பிள்ளை. கடலை பஸ்சுக்குள் இருந்து பார்த்ததோடு சரி. பலேர்மோவில் முன்னுக்கு இருக்க வேறு ஆள் இல்லாதபடியால் என்னை ஏற்றினார். அறுபத்து மூன்று வயதில் துடுப்புப் பிடிக்கப் பழகினேன். அதன்பிறகு ஆறு வருஷம், மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் விட்டதில்லை. ஒரேத்தோ ஆறு கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்துச் சின்னத் துறையில் விடிய இறக்கினால், மாதா கோயில் பூசைக்கு முன் வந்துவிடுவோம். நான் வலிப்பேன். அவர் பின்னால் தூண்டில் போடுவார். கொழுவினதைக் கழற்றி எனக்குத் தருவார். வாளி என் கால்மாட்டில் இருக்கும்.

பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடியறையில் ஒரு விதவை தையல் செய்கிறாள். அவளும் மன்னார்தான். அவளுடைய தகப்பன் ஊரில் பாய் தைத்தவராம். கால்சட்டைக்கு ஓரம் அடிக்க அவளிடம் போன என் கணவர் ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்தார்.

"ஓரம் அடிக்க இவ்வளவு நேரமோ?"

"கதைச்சுக்கொண்டு இருந்திட்டம். அவவுக்குப் பாயைப் பற்றி எல்லாம் தெரியுது."

"எந்தப் பாய்? படுக்கிற பாயோ?"

"பகிடி விடாதையும். எங்கட கயாக்குக்கு ஒரு சின்னப் பாய் போட்டா என்னெண்டு யோசிக்கிறன்."

அடுத்த கிழமை அவள் அளவு எடுக்கவென்று துறைக்கு வந்தாள். எங்கள் கயாக் அங்கே ஒரு சிசிலிக் கிழவரின் கொட்டிலில் கிடக்கிறது. ஐம்பது வயது தாண்டியவள், காதில் புதுத் தோடு. அளவு நாடாவின் ஒரு முனையை அவரிடம் கொடுத்து மறுமுனையைத் தான் பிடித்தாள். எனக்குப் பிடிக்க ஒரு முனையும் மிஞ்சவில்லை.

"அண்ணை, மரத்தை இந்த முன் சீட்டில நட்டாத்தான் காத்துப் பிடிக்கும்."

"அது நான் இருக்கிற இடம் தங்கச்சி," என்றேன்.

"உங்களுக்கு இனி என்னத்துக்கு அக்கா இந்தப் பாடு? வீட்டில ஆறுதலா இருங்கோவன். எங்கட பக்கம் பெண்டுகள் வள்ளத்தில ஏறுறேல்லைத்தானே."

"இது வள்ளம் இல்லை. பிளாஸ்டிக்கு."

என் கணவர் நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பல்கனிக்கு வெயில் மறைக்கக் கட்டுகிற பச்சைக் கோடு போட்ட துணியில் அவள் பாய் தைத்தாள். முதலில் கட்டிப் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரமாகப் பூட்டுவோம் என்றார் என் கணவர். என் இருக்கையில் மரத்தை நிறுத்திக் கயிற்றால் வரிந்து கட்டிக்கொண்டு தனியே போனார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நான் கரையில் நின்றேன், அவளுக்குப் பக்கத்தில். "கயித்தை இளக்குங்கோ அண்ணை, இளக்குங்கோ!" என்று அவள் கத்தினாள். அவரும் இளக்கினார். பாய் நிறைந்தது. நான் வலித்த எந்த நாளிலும் அந்தக் கயாக் அப்படி ஓடினதில்லை. வடிவாகத்தான் இருந்தது.

மூன்று சூரை மீனோடு திரும்பினார். பெரியதை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"புதுப் பாயின்ர முதல் மீன் தைச்ச கைக்கு. ஊர் வழக்கம்."

அவள் பூசையில் சுவாமியிடம் நன்மை அப்பம் வாங்குகிறவள் போலத் தலையைக் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினாள். மற்ற இரண்டையும் நான் கறி வைத்தேன். ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. பல் நோகுது என்று சொன்னேன்.

கட்டின மரம் ஆடுகிறது என்றார். என் இருக்கையைக் கழற்றிவிட்டு, அடியில் தட்டு வைத்து, நாலு ஓட்டை போட்டு ஆணி முறுக்கவேண்டுமாம். பிளாஸ்டிக்கில் ஓட்டை போட்டால் போட்டதுதான். சும்மா சொல்லக்கூடாது, என்னைக் கேட்டார்.

"நீர் சொல்லும். போடட்டோ?"

"உங்கட விருப்பம்," என்றேன்.

எங்கள் பெண்கள் "உங்கட விருப்பம்" என்றால் அதற்கு என்ன பொருள் என்று நாற்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவருக்குத் தெரியவேண்டும். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை கீழ்வீட்டுக்காரரிடம் துளை போடுகிற மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். கொட்டிலில், நிலத்தில் கிடந்த கயாக்கில் ஏறி என் இடத்தில் இருந்தேன்.

"எழும்பும். வேலை கிடக்கு."

"செய்யுங்கோ. நான் மறிக்கேல்லை."

"நீர் இருக்கிற இடத்திலயெல்லோ ஓட்டை."

"அப்ப கவனமாப் போடுங்கோ."

கொட்டில்காரக் கிழவர் எட்டிப் பார்த்து, "மதோன்னா மீயா" என்று மாதாவைக் கூப்பிட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார்.

என் கணவர் கொஞ்ச நேரம் மெஷினோடு நின்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுத் தன்னுடைய பின் இருக்கையில் ஏறி இருந்தார். தண்ணீரில்லாத தரையில் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"எனக்கென்ன பாய்க்கு ஆசையோ?" என்றார் என் முதுகுக்குப் பின்னால். "கொஞ்ச நாளா உமக்கு மூச்சு வாங்குது. பின்னால இருக்கிற எனக்குக் கேக்குது. வராதையும் எண்டு சொன்னா நீர் கேக்கிற ஆளோ? அதுதான் பாயெண்டு தொடங்கினன்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. பிறகு ஒன்று கேட்டேன்.

"இதை அவவுக்குச் சொன்னனீங்களோ?"

பின்னால் அவருடைய இருக்கை கிறீச்சிட்டது.

"சொன்னனீங்களோ?"

"ஓம். திடீரெண்டு ஏன் பாயெண்டு கேட்டா. சொன்னன்."

முதல் மீன் போனதை நான் பொறுத்திருப்பேன். ஒன்றரை மணித்தியாலக் கதையையும் பொறுத்திருப்பேன். என் மூச்சைப் பற்றி எனக்குத் தெரியும் முன் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நூலும் ஊசியும் கிடக்கிற அந்த அறையில் இரண்டு பேரும் இருந்து என் நெஞ்சைக் கதைத்திருக்கிறார்கள்.

"பாய் வேண்டாம்," என்றேன்.

அவர் வாதாடவில்லை. இருக்கையைக் கழற்றவுமில்லை. அன்றைக்கே பாயைச் சுருட்டி நானே பல்லரோவுக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். அவரை இன்னொரு தடவை அந்தப் படியில் ஏற்ற எனக்கு மனமில்லை. "ஏன் அக்கா, சரிவரேல்லையோ?" என்றாள். "வடிவாத் தைச்சிருக்கிறீர் தங்கச்சி," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இரண்டாவது மாடி. நடுவில் நிற்காமல் இறங்கினேன்.

அடுத்த நாள் ஞாயிறு. நான் முன்னால் இருந்து வலித்தேன். துறையைத் தாண்டின உடனேயே மூச்சு முட்டத் தொடங்கியது. அவர் சொன்னது மெய்தான். வாயை இறுக்க மூடிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மூக்கால் விட்டேன்.

"இண்டைக்கு நல்லா வலிக்கிறீர்," என்றார் அவர்.

நான் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அவருக்குக் கேட்டுவிடும்.