கூத்துக்கு வந்த நாற்காலி

"...சேரைத் தூக்கிகினு பின்னால போ அண்ணாத்த, முன்னால தரையில குந்துறவங்களுக்குத்தான் எடம்," என்றார் எங்கள் வாசகர் வட்டத்தில் இருக்கும் மீன்கார அக்கா. குப்பத்து மணலில் எல்லோருக்கும் இலவசமாக நாங்கள் வைத்த தெருக்கூத்து அது. போன வருடம் மாமல்லபுரத்து நாட்டிய விழாவில், காலியாகக் கிடந்த முன்வரிசையிலிருந்து பாஸ் இல்லையென்று அக்காவை எழுப்பிவிட்ட அதே மனுஷன்தான், இப்போது சொந்த நாற்காலியோடு முன்னால் வந்து நின்றான்.

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாம இன்னா? ஒரு வருசமா உனக்காகத்தான் காத்துகினு கீறேன்."

கூட்டம் சிரித்தது. எனக்கும் நெஞ்சு குளிர்ந்தது, மறைப்பானேன்! "சரிம்மா, தரையிலயே உட்காந்துக்கறேன்," என்று அவன் இறங்கி வந்தான். பாயில் மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம். அக்கா தன் காலி மீன் கூடையைத் தூக்கி அதில் வைத்தார்.