நெத்திலியும் ஆறு இலக்க எண்ணும்

மணலியில் நான் வேலை பார்க்கும் ரசாயனத் தொழிற்சாலையில், கொதிகலன் முதல் கடைசி வால்வு வரை எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது கட்டுப்பாட்டு அறையின் நான்கு கணினிகள்தான். அவற்றுக்குப் பல வருடங்களாக ஒரே பாஸ்வேர்டு. அதையும் யாரும் மறந்துவிடக் கூடாதே என்று ஒரு புண்ணியவான் சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டிவைத்திருந்தார். டீ கொண்டுவருபவருக்குக்கூட அது மனப்பாடம்.

எங்கோ ஓர் ஆலையைக் கணினி வழியாகவே முடக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு எங்கள் தலைமை அலுவலகம் மிரண்டது. சீட்டைக் கிழித்துப் புதுப் பூட்டுப் போடும் வேலை, கருவிப் பிரிவு இன்ஜினியரான என் தலையில் விழுந்தது. ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அது போதாதென்று, ஒவ்வொரு முறையும் அவரவர் செல்போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதையும் அரை நிமிடத்துக்குள் தட்ட வேண்டும். அலுவலகத்து ஏசி அறையில் சோதித்தபோது ஜம்மென்று வேலை செய்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் நாள் காலையில்தான் உறைத்தது. எங்கள் ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. ஒரு பொறி பறந்தாலும் ஆபத்து என்பதால் எல்லோரும் போனை வாசலில் இருக்கும் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். நானும் தினமும் வைக்கிறவள்தான். எண் வாசலில் வந்து நிற்கும். ஆள் ஏழு நிமிட நடைத் தொலைவில் இருப்பார். இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம்!

போனுக்குப் பதிலாக அந்த எண்ணைக் காட்டும், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சின்னச் சாவிக் கருவிகள் வந்து சேரும்வரை ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தேன். இன்டர்காமில் வாசலைக் கூப்பிட்டால், அங்கிருக்கும் காவலாளி அக்கா நம் போனைப் பார்த்து எண்ணைப் படித்துச் சொல்வார். எண்ணூர்க் குப்பத்துக்காரர், கான்ட்ராக்டில் இருப்பவர். ஆனால் நாம் எண்ணைக் கேட்டால் அவர் வேறொன்றைக் கேட்பார்.

"இன்னிக்கி இன்னா கொயம்பு?"

காலையில் எங்கள் பைகளைச் சோதிப்பவரும் அவர்தான். டிபன் பாக்ஸைத் திறக்காமல், மோப்பத்திலேயே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார். தெரிந்துகொண்டே எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் அவர் குழம்பை விசாரித்து முடிப்பதற்குள் அரை நிமிடம் ஓடிப்போய், எண் செல்லாமல் போனது. மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது எனக்கு.

"இது என்ன சமையல் நிகழ்ச்சியா அக்கா?" என்று கத்தினேன்.

கத்தியதோடு விட்டேனா? வேலை நேரத்தில் வீண்பேச்சு, ஆளை மாற்றுங்கள் என்று மேனேஜருக்கு எழுதியும் கொடுத்தேன். கான்ட்ராக்ட் ஆளுக்கு அப்படி ஒரு கடிதம் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது தெரிந்தேதான் எழுதினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வாரமே, பூட்டு எவ்வளவு பலம் என்று பார்க்கத் தலைமை அலுவலகம் எங்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சோதனைக் குழுவை ஏவிவிட்டிருந்தது. அடுத்த வாரக் கூட்டத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. குழுவிலிருந்த ஒரு பெண் அறிக்கையை வாசித்தார். பாஸ்வேர்டை மறுபடி தட்டச் சொல்லி எல்லோருக்கும் ஒரு போலி மின்னஞ்சல் அனுப்பினார்களாம். மற்றவர்கள் உஷாராக இருந்துவிட்டார்கள். தட்டியது ஒரே ஒருவர். யாருக்கும் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள் என்று வகுப்பெடுத்த இன்ஜினியர்.

நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

மீதி இருந்தது ஆறு இலக்க எண் மட்டும். பார்வையாளராக வந்து தன் போனை ஒப்படைத்தபோதே, வாசலில் எண் படிக்கப்படுவதை அந்தப் பெண் பார்த்து வைத்திருக்கிறார். வெளியிலிருந்து என் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு, வாசலுக்குப் போன் போட்டு, நான் பேசுவதுபோலப் பேசி எண்ணைக் கேட்டிருக்கிறார்.

"என்ன குழம்புன்னு கேட்டாங்க. வெள்ளிக்கிழமைதானேன்னு சாம்பார்னு சொல்லிட்டேன்," என்றார் அவர். "'நெத்திலிக்கு எப்பலேந்து சாம்பார்னு பேரு வச்சாங்க, யாரு நீ?'ன்னு கேட்டு போனை வச்சுட்டாங்க. அதுக்கு மேல எங்களால போக முடியல."

எங்கள் ராயபுரத்துக் கிறிஸ்தவ வீட்டில் வெள்ளிக்கிழமை மீன்தான் மணக்கும் என்பது பாவம் அவருக்குத் தெரியவில்லை. அறையே சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்காமல் கோப்பிலிருந்து என் கடிதத்தை எடுத்தார்.

"இந்தம்மாவைத்தானே மாத்தச் சொல்லி எழுதியிருக்கீங்க?"

அதைக் கிழித்துப் போடுங்கள், வாசல் ஏற்பாடும் என்னுடையதுதான், தப்பென்றால் என்னைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தேன். ஏழு நிமிடமும் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அக்கா என்னைப் பேசவே விடவில்லை.

"கடுதாசி விசயம் எனக்கு அப்பவே தெரியும்மா. சூப்பர்வைசரு சொல்லிட்டாரு."

"அந்தப் பொண்ணு போன் பண்றதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா, மொத நாளே. வயிறு எரிஞ்சுது. வூட்ல ரெண்டு புள்ளிங்க படிக்குது. உம்மேல கோவம் கீது, இல்லன்னு சொல்லல. அதுக்காவ உன் நம்பர எவளுக்கோ குட்த்துடுவேனா?"