நல்லெண்ணெய் பூசிய துவக்கு

நாடு விட்டு வந்து குடியேறிய எங்கள் டூங்கபி வீட்டில் ஒரு துவக்கு இருந்தது. முயல் சுடப் போகிறேன் என்று சொல்லி லைசென்ஸ் எடுத்து என் கணவர் வாங்கியது. ஒரு முயலைக்கூட அவர் சுட்டதில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பில் அவருடைய தம்பியை வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். பொலிஸ் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததாம். அதற்காகத்தான் இது.

"ஒரு துவக்கு இருந்திருந்தா அவன் இண்டைக்கும் இருந்திருப்பான்" என்பார். "அமெரிக்காவில அரசியல் சட்டத்திலயே எழுதி வச்சிருக்கு, சனம் ஆயுதம் வச்சிருக்கலாம் எண்டு. அரசாங்கமே அடிக்க வந்தால் சனம் என்ன செய்யிறது?"

"துவக்கு இருந்திருந்தா வீட்டோட சேத்துக் கொளுத்தியிருப்பாங்கள்" என்பேன் நான். "ஊரில துவக்குத் தூக்கித்தான் இப்ப என்ன மிஞ்சியிருக்கு?"

நான் வாய்க்காரிதான். ஆனாலும் செத்தவனை நடுவில் வைத்து வாதாடுவது எனக்கே அருவருப்பாக இருந்தது.

சரஸ்வதி பூசைக்கு வீட்டிலுள்ள இரும்புச் சாமான்களைத் துடைத்து, நல்லெண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைப்பது என் அம்மா வீட்டுப் பழக்கம். கத்தரிக்கோல், தையல் மெஷின், அவருடைய ஸ்பானர்கள். பிடிக்காவிட்டாலும் துவக்கையும் நான் விட்டுவைக்கவில்லை. என் வீட்டில் எதுவும் துருப்பிடிக்கக் கூடாது. குண்டில்லாமல் அவர் எடுத்துத் தர, இடுக்கெல்லாம் எண்ணெய் விடுவேன். வருடா வருடம்.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவருடைய அம்மா வழியிலேயே இறந்துபோனார். பத்து நாள் கழித்துத்தான் செய்தி வந்தது. அடுத்த நாள் மத்தியானம் என் கணவர் கராஜைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார். கார் லைட் பார்க்கிறேன் என்றார். பின்னேரம் வெளியே வந்து சோறு கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் இந்த நாட்டில் ஒருவன் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளினான். எங்களுடையது மாதிரித் துவக்குகளைக் கையளிக்கச் சட்டம் வந்தது. கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"அது போகாட்டி நான் போறன்" என்றேன். சும்மா சொல்லவில்லை. உடுப்புப் பெட்டியைக் கொண்டுபோய் வாசலில் வைத்தேன்.

துவக்கைப் படுக்கை விரிப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். நான்தான் கார் ஓட்டினேன். குங்குமத்தைப் பார்த்துப் பொலிஸ்காரர் லேசாகச் சிரித்தார். பிறகு குண்டேற்றும் பிடியை இழுத்தார். அசையவில்லை. வயதான இன்னொருவர் வந்து தட்டித் தட்டித் திறந்தார். உள்ளே எண்ணெய் பிசின்போல் இறுகிக் கிடந்தது. அதற்குள் பாதி வழியில் ஒரு குண்டு சிக்கியிருந்தது.

குண்டோடா கொண்டு வருவீர்கள் என்று அவர் சத்தம் போட்டார். யாரோ சுடப் பார்த்திருக்கிறார்கள், எண்ணெய்தான் சுட விடாமல் தடுத்திருக்கிறது என்றார். நான் திடுக்கிட்டு என் கணவரைப் பார்த்தேன். அவர் திடுக்கிடவில்லை.

காருக்குள் வந்து இருந்ததும் கேட்டேன்.

"ஆரைச் சுடப் பார்த்தனீங்கள்?"

"கராஜுக்குள்ள நான் மட்டும்தானே இருந்தனான்."

சாவியைப் போடாமல் மடியில் வைத்தேன். எத்தனை வருடம் வாசலைப் பார்த்துப் பயந்து அதை வைத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை.

"நீர்தானே எண்ணெய் போட்டனீர்?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பியின் பெயரைச் சொல்லி அழுதார்.