பாடியில் பிளஸ்

தொண்ணூறுகளின் நடுவில் மேற்கு மாம்பலத்தில் எனக்கு ஒரு சின்ன ஆட்டோ எலக்ட்ரிக் கடை இருந்தது. பழைய டைனமோ என்றால் மயிலாப்பூரிலிருந்துகூட என்னைத் தேடி வருவார்கள். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே.

மயிலாப்பூரில் ஒரு மாமாவிடம் வெள்ளைக்காரன் காலத்துத் திறந்த கார் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்துப் போகிற ஜானவாசத்துக்கு அதை வாடகைக்கு விடுவார். ஹெட்லைட் அழுது வடிகிறது என்று அதன் டைனமோவைக் கழற்றி எடுத்துக்கொண்டு டிரைவர் என் கடைக்கு வந்தார். அந்தக் காரை இருபது வருஷமாக ஓட்டுகிறவர்.

"நைனா, இந்த வண்டிக்கு பாடி பிளஸ்ஸு. பாத்து செய்."

"எனக்கேவா அண்ணே?" என்று சிரித்தேன்.

என் கடைக்கு வரும் மற்ற வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் ஒயர்தான் பாடியில் போய் முடியும். அந்தக் காலத்துக் கார்கள் சிலவற்றில் இது தலைகீழ். எனக்குத் தெரியாத விஷயமில்லை. டைனமோவைச் சோதிக்க, முதலில் அதற்கு பேட்டரி கொடுத்து மோட்டார் மாதிரி சுற்றுகிறதா என்று பார்ப்போம். எந்தத் திசையில் கொடுக்கிறோமோ அந்தத் திசையிலேயே அதற்குள் காந்தம் நின்றுவிடும்; பிறகு அதிலிருந்து கரண்டும் அந்தத் திசையில்தான் வரும். நான் கைப்பழக்கத்தில் மைனஸை பாடியில் வைத்தேன். சுற்றியது. பிறகு பெல்ட் மாட்டி ஓட்டினேன். டெஸ்ட் பல்பு பளிச்சென்று எரிந்தது. பல்புக்கு பிளஸ் மைனஸ் வித்தியாசம் கிடையாது. எனக்கு இருந்திருக்க வேண்டும்.

அன்று மாலை ஊர்வலம் கிளம்பும் கோயில் வாசலிலேயே டிரைவர் டைனமோவை மாட்டி, பேட்டரிக்கு ஒயர் கொடுத்தார். நானும் போயிருந்தேன், பாராட்டு வாங்க. மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு ஏறினார். அவரைச் சுற்றி ஏழெட்டுக் குழந்தைகள் ஏறிக்கொண்டார்கள். நாதஸ்வரத்துக்குப் பின்னால் கார் ஊர்ந்தது. தெருமுனையில் திரும்பும்போது டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். டைனமோவிலிருந்து கரண்ட் வந்தது, தப்பான திசையில்.

டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று புகை. ஒயர் கருகும் நாற்றம். குழந்தைகள் அலறினார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிரைவர்தான் குதித்து ஓடி, பேட்டரி ஒயர் இரண்டையும் வெறுங்கையால் பிடுங்கி எறிந்தார். உருகிய ரப்பர் அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார். "நீதானேடா டெஸ்ட் பண்ணிக் கொடுத்தே? என்ன பண்ணித் தொலைச்சே?"

"பேட்டரி ஒயரை மாத்திக் குடுத்திருக்காரு மாமா. அவசரத்துல."

சொன்னது நான்தான். சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. ஒயர்கள் தரையில் கிடந்தன. எது எங்கே இருந்தது என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று அந்த நொடியில் கணக்குப் போட்டதும் நான்தான். இப்படி ஒரு ஆள் எனக்குள் இருக்கிறான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

டிரைவர் சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். அவர் ஒயரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"கொழந்தைகள் உக்காந்திண்டிருந்த வண்டி! நாளையிலேர்ந்து ஆத்துப் பக்கம் வராதேயும்" என்றார் மாமா டிரைவரிடம்.

மறுநாள் காலை கடையைத் திறக்கப் போனால், டிரைவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், கையில் கட்டோடு. சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பிடித்திருக்கலாம்.

"ராவெல்லாம் ரோசனை பண்ணிக்கினே இருந்தேன் நைனா. கரீட்டா குடுத்தா மாரிதான் கீது. ஆனா நீயே சொல்லும்போது நான் இன்னா சொல்றது? எங்க தப்பு உட்டேன்னு ஒரு தபா காட்டேன். வேற வண்டி கெடைச்சா அதுலயும் புள்ளைங்க குந்தும்ல?"

பேட்டரியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஒயர் இரண்டையும் மாற்றிப் பிடித்து, அவர் செய்யாத தப்பை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.