இரட்டைப் பாறையில் போட்ட அம்பு

மலையேற வருகிறவர்களுக்காகப் பாறைகளில் மஞ்சள் அம்பு போடுவதுதான் அவருடைய உத்தியோகம். இருபத்திரண்டு வருஷமாக அதையே செய்ததால் அடிவாரத்தில் எல்லோருக்கும் அவர் அம்புக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில்தான் தேட வேண்டும். அந்த மலையில் ஒரு பாறை ஒட்டகம் போலப் படுத்திருக்கும், இன்னொன்று குடை போல விரிந்திருக்கும். "கண்ணைக் கட்டி விட்டாலும் ஏறிடுவேன்" என்பார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதை மட்டும் அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

போன வருஷம் மழைக்குப் பிறகு, மங்கிப்போன அம்புகளைப் புதுப்பிக்கப் போனார். உச்சிக்குக் கீழே அச்சில் வார்த்தது போல இரண்டு பாறைகள். இடது பாறையை ஒட்டி வழி, வலது பாறையை ஒட்டிப் பள்ளம். அன்று கடும் பனிமூட்டம். பழைய பெயிண்ட் கையில் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்த்த பிறகே பூச வேண்டும் என்பது அவரே வகுத்த விதி. அன்று தடவவில்லை. அவசரமோ மமதையோ, எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். வலது பாறையில் போட்டுவிட்டு இறங்கினார்.

மறுநாள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அந்த அம்பை நம்பி நடந்து, பள்ளத்தில் விழுந்து செத்தார். தேடப் போனவர்களில் முதல் ஆள் அம்புக்காரர். மற்றவர்கள் வருவதற்குள் அம்பைச் சுரண்டி எடுத்துவிட்டார். 'கவனக்குறைவால் வழி தவறினார்' என்று ஆபீசில் எழுதினார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷமாகச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு தபால்காரரின் மனைவி வந்தார். "அவர் விழுந்த இடத்தைப் பார்க்கணும். கூட்டிட்டுப் போறீங்களா அண்ணா?"

ஏறும் வழியெல்லாம் அந்த அம்மா பேசிக்கொண்டே வந்தார். "முப்பது வருஷத்துல ஒரு கடிதத்தைக்கூட வீடு மாத்திக் கொடுக்காத மனுஷன். இப்ப பெத்த பிள்ளைங்களே, 'அப்பா பார்த்துப் போயிருக்கலாம்'னு சொல்றாங்க."

இரட்டைப் பாறைக்கு வந்ததும் அம்புக்காரர் நின்றார். வலது பாறையில் சுரண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. அதைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க ஒரு அம்பு இருந்துச்சும்மா. தப்பாப் போட்டவன் நான்தான். அதை அழிச்சதும் நான்தான்."

அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தார். அந்த அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்து, கணவர் கடைசியாக அனுப்பியதைக் காட்டினார். 'பயப்படாதே. வழியெல்லாம் அம்பு போட்டு வச்சிருக்காங்க.'

அம்புக்காரர் பாறையடியில் உட்கார்ந்து அழுதார். அந்த அம்மா தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை.

"இதைக் கீழ ஆபீஸ்லயும் என் பிள்ளைங்ககிட்டயும் சொல்வீங்களா?"

"சொல்றேம்மா. வேலை போனாலும் சொல்றேன்."

"அப்ப எழுந்திரிங்க. முன்னாடி நடங்க. எனக்கு வழி தெரியாது."