புகார்ப் பாறையில் ஏழு மணி

சேவியர் போன் செய்தபோது மேற்கு மாம்பலத்தில் ஒரு காய்கறிக் கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். முருங்கைக்காய் முற்றல். அவர் பிஞ்சு என்று சாதித்தார். இந்த நகரத்தில் என்னிடம் உண்மை பேசியவர்கள் குறைவு என்பது என் நெடுநாள் கட்சி. அந்த எரிச்சலோடுதான் போனை எடுத்தேன்.

"சார், ரெஜினா தவறிட்டா. விடிகாலையில, தூக்கத்துலயே" என்றார். சேவியர் அவருடைய கணவர். பிறகு, "உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். மத்தவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க சார். போன் வேலை சாரோடதுன்னு அவ எப்பவும் சொல்லுவா" என்றார்.

முருங்கைக்காயைக் கடைக்காரர் தட்டிலேயே வைத்துவிட்டு, ரயில் நிலையத்தில் ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்து, முகாமின் பழைய பிள்ளைகளும் பெற்றோருமான உங்களை ஒவ்வொருவராக அழைத்தேன். உங்களில் பாதிப் பேர் என் குரல் கேட்டதும், "இன்னா சார், யார் மேல கம்ப்ளெயின்ட்டு?" என்று சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தீர்கள். அதற்கு உங்களை மன்னித்துவிட்டேன். மற்றவற்றுக்கு இன்னும் இல்லை.

இதைப் படிப்பவர்களில் அவரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ரெஜினா மிஸ் சாந்தோம்காரர். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தார். மே மாதம் வந்தால், பல பள்ளிகளிலிருந்தும் பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுப் பையன்களையும் பெண்களையும் திரட்டிக்கொண்டு முகாமுக்குக் கிளம்பிவிடுவார். முதலில் பெசன்ட் நகர் கடலில் இரண்டு நாள். பிறகு ஜவ்வாது மலையில் கூடாரம், கயிறு, ஓடை, ஒற்றையடிப் பாதை. ஏன் அந்த வயது மட்டும் என்று கேட்டால், "அதுக்கு முன்னாடி அம்மா வுட மாட்டாங்க. அதுக்கு அப்புறம் அதுங்களே வராதுங்க. நடுவுல கொஞ்சூண்டு சந்து கீது, அதுல பூந்துரணும்" என்பார்.

நான் அவரிடம் முதலில் போனது சண்டை போடத்தான். என் மகள் அனு முகாமுக்குப் போய் முழங்கால் சிராய்ப்பும் கருத்த மூக்குமாகத் திரும்பி வந்தாள். அந்தச் சமயத்தில் நான் கல்லூரி வேலையை உதறிவிட்டு வீட்டில் இருந்தேன். புவியியல் துறைத் தலைவர் பதவி எனக்கு வர வேண்டியது; கல்லூரி முதல்வரின் காருக்குக் கதவு திறந்துவிட்ட ஒருவருக்குப் போனது. ஆகவே பேசுவதற்கு என்னிடம் நிறைய நேரமும் நிறைய வார்த்தைகளும் இருந்தன. பள்ளி மைதானத்தில் அவரை நிறுத்தி, பாதுகாப்புக் குறைபாடுகளை வரிசையாக எடுத்து வைத்தேன். அவர் ஒரு கயிற்றில் முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டே கடைசி வரை கேட்டார்.

"ரொம்ப நல்லா புகார் சொல்றீங்க சார். இதுமாரி யாருமே கோர்வையா சொன்னதில்ல" என்றார். "அடுத்த வருசம் எங்ககூட வந்து இதையெல்லாம் நீங்களே வாங்கிக்கிறீங்களா? அப்பா அம்மாங்க போன் பண்ணிக்கினே கீறாங்க. எனக்குக் கயிறு புடிக்கறதா, போன் புடிக்கறதா?"

"என்னையா?"

"நீங்கதான் சரி. ஏற்கெனவே கடுப்புலதான் கீறீங்க. புதுசா உங்களை யாரு இன்னா பண்ணிட முடியும்?"

அன்றிலிருந்து நான் புகார் சார். முகாமுக்கு ஒரே போன். அது என் கையில். மாலை ஏழு மணிக்குப் பெற்றோர் அழைக்கலாம். பிள்ளைகள் போனுக்கு வர மாட்டார்கள். மலையில் ஒரே ஒரு பாறை மேல்தான் சிக்னல் கிடைக்கும். கூடாரங்கள் அடித்த புல்வெளிக்கு நேர் மேலே இருக்கும் அந்தப் பாறைக்குப் பிள்ளைகள் புகார்ப் பாறை என்று பெயர் வைத்தார்கள். ஒரு புவியியல் ஆசிரியனுக்கு இந்த நாடு அளித்த ஒரே கௌரவம் அது.

என்னை அவர் கடலில் தள்ளிய கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். நான் அலறவில்லை. மிஸ்ஸின் ஒன்றுவிட்ட அண்ணன் சூசையின் ஃபைபர் படகில் பிள்ளைகளைக் கொஞ்ச தூரம் கூட்டிப் போய், ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறக்கிவிடுவது முதல் நாள் வழக்கம். விழுவதை முதலிலேயே விழுந்து முடித்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கு முன்னால் ஒவ்வொரு மிதவைச் சட்டையின் கொக்கியையும் தன் விரலாலேயே இழுத்துப் பார்ப்பார். "யூனிஃபார்ம் பட்டன் தப்பாப் போட்டா மானம் போவும். இதைத் தப்பாப் போட்டா நீயே பூடுவ." என் கொக்கியையும் இழுத்துப் பார்த்தார். அடுத்த நொடி நான் தண்ணீரில் இருந்தேன். மேலே வந்தபோது கண்ணாடி இல்லை.

"என் கண்ணாடி!" என்றேன்.

"கடல்ல படிக்கறதுக்கு இன்னா சார் கீது?" என்றார் படகிலிருந்து. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. சூசை மட்டும் மரியாதையாக, "வுடு சார், மீனு ஒண்ணு மாட்டிக்கினு படிக்கும்" என்றார்.

கண்ணாடியைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. ஜவ்வாது மலைப் பாறைகளைப் பற்றி ஒரு நல்ல உரை என்னிடம் இருந்தது. பரங்கிமலையில் கிடைக்கும் பாறையோடு ஒப்பிட்டு, பிள்ளைகளுக்குப் புரியும்படி, அரை மணி நேரத்தில் முடியும்படி தயார் செய்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் மலை ஏறிய முதல் நாள் மாலை நான் தொண்டையைச் செருமுவேன். ஒவ்வொரு வருடமும் அவர், "சார், பாறை கோடி வருசமா இங்கியேதான் கீது. நாளைக்கும் இருக்கும். ஓடையில வெயில் இப்பப் பூடும்" என்பார். பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். அந்த ‘நாளை’ அவர் இருந்தவரை வரவே இல்லை. துறைத் தலைவர் பதவியைப் பறித்தவரைக்கூட நான் சில நாள் மறந்திருக்கிறேன். இதை மறந்ததில்லை.

எங்களுக்குள் நடந்த உண்மையான சண்டை போனைப் பற்றியது. நான் வேலையை ஒழுங்காகச் செய்பவன். பெற்றோர் கேட்டால், எத்தனை இட்லி சாப்பிட்டான், எங்கே கொசு கடித்தது, யாரோடு பேச்சு வார்த்தை இல்லை என்பது வரை சொல்வேன். அதைக் கேட்டு அவர்கள் இன்னும் பத்துக் கேள்வி கேட்பார்கள். ஒருநாள் பாறைக்கு ஏறி வந்த மிஸ், அபிராமபுரம் வைதேகி அம்மாளிடம் நான் திணறிக்கொண்டிருந்ததைப் பார்த்து, போனைப் பிடுங்கிக்கொண்டார். கீழே புல்வெளியில் கயிறு இழுக்கும் போட்டி நடந்துகொண்டிருந்தது. அவர் போனை அந்தக் கூச்சலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பிறகு காதில் வைத்து, "உங்க பையன் குரலு இதுலதான் கீதும்மா. நீங்களே கண்டுபுடிங்க" என்று சொல்லி, மறுபடி தூக்கிப் பிடித்தார்.

ஸ்பீக்கரில் வைதேகி அம்மாள் கத்தினார். "கேக்கறது! கேக்கறது! அந்தக் கீச்சுக் குரல் எங்காத்து ஸ்ரீராம்தான்! ஏன்னா, இங்க வாங்கோளேன், குழந்தை என்னமா கத்திண்டிருக்கான் பாருங்கோ!"

ஸ்ரீராம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பலாப்பழத்தை அளவில்லாமல் தின்றுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மிஸ் என் கையில் ஒரு பலாச்சுளையைத் திணித்து, வாயைக் காட்டிச் சைகை செய்தார்.

போன் வைத்ததும் ஆரம்பித்தேன். "இது பொய் இல்லையா?"

"நான் எங்க சார் சொன்னேன்? அவங்களா கண்டுபுடிச்சாங்க."

"பையனுக்கு வயிற்று வலி என்று சொல்ல வேண்டாமா?"

"மோர் குடுத்தாச்சு. நானே பக்கத்துல படுக்க வெச்சுக்கறேன். காய்ச்சல் கீய்ச்சல்னா மொதல் போன் நான் போடுவேன், தெரியும்ல? வெறும் பலாப்பழத்துக்கு அந்தம்மா இன்னா பண்ணணும்? ஆட்டோ புடிச்சுக்கினு மலை ஏறணுமா?"

ஸ்ரீராம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "புகார் சார், ப்ளீஸ், அம்மாகிட்ட சொல்லாதீங்கோ. அடுத்த வருஷம் அனுப்ப மாட்டா" என்றான். அடுத்த நாள் காலை ஓடையில் முதலில் குதித்தவன் அவன். அதற்குப் பிறகும் நான் என் முறையிலேயே இட்லிக் கணக்குச் சொல்லி வந்தேன். அவர் பாறைக்கு வரும் நாள்களில் மட்டும் போன் ஆகாயத்துக்குப் போகும். எல்லாப் பெற்றோரும், தவறாமல், தங்கள் பிள்ளையின் குரலைக் கேட்டார்கள். முப்பது பிள்ளைகள் ஒன்றாகக் கத்தும்போது அது சாத்தியமே இல்லை என்று நான் பலமுறை விளக்கியிருக்கிறேன்.

அடக்கம் முடிந்து சாந்தோம் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, எல்லோர் மனதிலும் இருந்தது ஒரே கேள்வி. முகாமுக்குச் சில வாரங்களே இருந்தன. பிள்ளைகள் சேர்ந்தாயிற்று. இனி அது நடக்குமா, போன வருடத்தோடு முடிந்ததா? உள்ளே கூடத்து மூலையில் அவருடைய முதுகுப்பை, வழக்கம்போல முன்கூட்டியே கட்டி, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சேவியர் அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கே.கே. நகர் பிரகாஷ் பேச ஆரம்பித்தார். மகனை முதல் முறை சேர்த்திருந்த அப்பா. நல்ல மனிதர்தான், அதனாலேயே எனக்குப் பிடிக்காது. "சார், மிஸ் இல்லாம மலை ரிஸ்க். எங்க ஏரியால ஒரு இண்டோர் செட்டப் இருக்கு. ஏசி ஹால், செயற்கைப் பாறை, கீழ மெத்தை. எல்லாம் சேஃப். கேமரா வச்சிருக்காங்க, நம்ம மொபைல்லயே பசங்களை நாள் பூரா பார்க்கலாம். ஏழு மணி போன்கூடத் தேவைப்படாது."

செயற்கைப் பாறையை நான் பொறுத்திருப்பேன். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பொறுக்க முடியவில்லை.

"முகாம் மலையில்தான் நடக்கும்" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"யார் சார் நடத்துவாங்க?"

மிஸ்ஸோடு வருடக்கணக்காகக் கயிறு பிடித்த இரண்டு ஆசிரியைகள் கூட்டத்தில் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்தேன். மூத்தவரான லலிதா மூக்கைச் சிந்திவிட்டு, "மலையும் கயிறும் எங்க பொறுப்பு சார்" என்றார். சூசை, "கடலு நம்முளுது" என்றார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வைதேகி அம்மாள் வந்தார். ஸ்ரீராம் இப்போது வெளியூரில் படிக்கிறான். இந்த வருடம் அவன் தங்கையின் முறை.

"பொண்ணை அனுப்பறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ. ஏழு மணிக்கு நீங்கதானே எடுப்பேள்?"

"நான்தான்."

"அப்போ சரி" என்றார். அதோடு விஷயம் முடிந்தது. பிரகாஷும் மகனை அனுப்பினார், நான் எதிர்பார்க்காத பணிவோடு. இரக்கத்தினாலோ கொள்கையினாலோ நான் அந்த முடிவை எடுக்கவில்லை. வீம்பு. என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியங்கள் எல்லாம் வீம்பில் செய்தவைதான். இதை முதலில் கண்டுபிடித்து, வேலைக்கு வைத்துக்கொண்டவர் ரெஜினா மிஸ்.

மே மாதம் வந்தது; கடலில் எல்லோரும் விழுந்து எழுந்தார்கள். லலிதா ஒவ்வொரு கொக்கியையும் விரலால் இழுத்துப் பார்த்தார். என் புதுக் கண்ணாடியைப் பிரகாஷின் மகன் பத்திரமாகக் கரையில் பிடித்துக்கொண்டிருந்தான். மலை ஏறிய முதல் நாள் மாலை, புல்வெளியில் பிள்ளைகளை உட்காரவைத்தேன். தடுக்க யாரும் இல்லை. தொண்டையைச் செருமினேன். "நமக்கு மேலே நிற்கும் இந்தப் பாறை" என்று ஆரம்பித்து, நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. பிறகு பார்த்தேன்: முப்பது தலைகளும் மரியாதையாக என் பக்கம் திரும்பியிருந்தன, அத்தனை கண்களும் ஓடைப் பக்கம் போயிருந்தன. தண்ணீரில் மஞ்சள் வெயில் கடைசியாக நின்றது.

வைதேகி அம்மாளின் பெண் கையைத் தூக்கினாள். "சார், இந்தப் பாறை நாளைக்கும் இங்கயேதானே இருக்கும்?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்; வரவில்லை. "இருக்கும். ஓடு" என்றேன். அவர்கள் எழுந்த வேகத்தில் என் குறிப்புத் தாள்கள் பறந்தன.

ஏழு மணிக்குப் பாறை மேல் ஏறினேன். முதல் அழைப்பு, நீங்கள் நினைத்தபடியே, அபிராமபுரம். "எப்படி இருக்கா? சாப்பிட்டாளா? ஜலத்துல ரொம்ப நேரம் நின்னாளோ?" இட்லிக் கணக்கு என் நாக்கு நுனியில் இருந்தது. கீழே யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருந்தார்கள். லலிதா தோற்றவர்களைப் பாத்திரம் கழுவச் சொல்லி மிரட்டிக்கொண்டிருந்தார். மொத்தக் கூட்டமும் கத்தியது.

"உங்க பொண்ணு குரல் இதுலதான் இருக்கு. நீங்களே கண்டுபிடிங்க" என்று சொல்லி, போனைத் தூக்கிப் பிடித்தேன். கை வலிக்கும் வரை பிடித்திருந்தேன்.

ரெஜினா மிஸ்ஸிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தத் தூக்கிய கை மட்டும்தான். முதுகுப்பை சேவியரிடம் இருக்கிறது, கயிறுகள் லலிதாவிடம். பழைய கண்ணாடி இன்னும் கடலில்.

வைதேகி அம்மாள் தன் பெண்ணின் குரலைக் கேட்டார் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூச்சலுக்கு நடுவே, மைதானத்துக் குரலில், பிள்ளைகளை விரட்டும் இன்னொரு குரலும் எனக்குக் கேட்டது. சாத்தியமில்லை என்று விளக்கம் சொல்ல விரும்புகிறவர்கள் என் எண்ணுக்கு அழைக்கலாம். மாலை ஏழு மணிக்குப் புகார் சார் எடுப்பார்.