தமிழ் தெரியாத டாக்டர்

போன மாதம் கண்ணில் புரை எடுத்துக்கொள்ளப் போயிருந்தேன். ஒரு பெண் மூன்று காகிதங்களை நீட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, பின்னால ஒண்ணு தாத்தா" என்றாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றாள். கண் தெரியாமல்தானே வந்திருக்கிறேன், அவள் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். நல்ல பெண். ஆபரேஷனும் நன்றாகவே நடந்தது. ஆனால் கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தபோது மூக்கு எதையோ தேடிக்கொண்டே இருந்தது. வெகு நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. அயடபார்ம். அந்த மஞ்சள் பொடியின் நெடி இல்லாத இடத்தை ஆஸ்பத்திரி என்று என் மூக்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மகாராஜா காலத்தில் மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் டிரஸ்ஸராக இருந்தேன். புண்ணைக் கழுவிப் பொடி தூவிக் கட்டுப் போடுகிற வேலை. இரண்டு வருஷமும் அந்த நெடி என் சட்டையில் இருந்தது, சோற்றில் இருந்தது. ஓட்டலில் என் பக்கத்து இலை காலியாகவே கிடக்கும். நான் படித்தது நாலாவது பாரம், அதையும் முடிக்கவில்லை. குடகில் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதி, அங்கிருந்து அரிசி மண்டி, அங்கிருந்து டூரிங் டாக்கீஸ் என்று சுற்றிக் காய்ச்சலோடு மைசூரில் வந்து விழுந்தேன். அந்த ஆஸ்பத்திரியில்தான் படுக்கை கிடைத்தது. குணமானதும் போக இடமில்லை. அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

உண்மையில் என்னை வைத்துக்கொண்டது கைக்காக இல்லை, வாய்க்காக. கொள்ளேகால் அப்போது கோயமுத்தூர் ஜில்லா, வெள்ளைக்காரன் சீமை. ஆனாலும் அங்கிருந்தும் ஹனூர், மார்டள்ளிப் பக்கமிருந்தும் சீக்கு என்றால் வண்டி கட்டிக்கொண்டு மைசூருக்குத்தான் வருவார்கள். பலருக்குத் தமிழ் தவிர வேறு பேச்சு வராது. எங்கள் வார்டைப் பார்த்த சின்ன டாக்டர் வாயைத் திறந்தால் கன்னடம், பெரிய டாக்டர் வந்தால் இங்கிலீஷ். சின்னவருக்கு முப்பது வயதிருக்கும். நெற்றியில் ஒரு குறியும் கிடையாது. நோயாளியைப் பார்த்துக் கன்னடத்தில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி "ஹேளப்பா" என்பார், சொல்லு என்று. நான் தமிழில் சொல்வேன்.

மாரப்பன் ஹனூர்ப் பக்கத்து விவசாயி. ஏர்க்கொழு கிழித்த பாதத்தில் சாணியை வைத்துக் கட்டி, பத்து நாள் கழித்து வந்தார். விரல்கள் கறுத்துப்போயிருந்தன. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலைந்து நாள்தான் என்றார் டாக்டர். அவர் அதை நோயாளியிடம் சொல்வதற்கு முன்னால் மாரப்பனின் மைத்துனர் என்னைத் தண்ணீர்க் குழாயடியில் மடக்கினார்.

"காலை எடுக்கறதுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. எங்க மச்சான் எந்திரிச்சு வண்டியேறிப் போயிருவாரு. அழுகலை வழிக்கறாங்கன்னு சொல்லுங்க. மயக்கம் தெளிஞ்சு அழுதா அழுதுட்டுப் போறாரு, உசுரு இருக்குமில்லீங்க."

எனக்கு அவர் அவ்வளவு சொல்ல வேண்டியதே இல்லை. அதற்கு முந்தின மாதம் மார்டள்ளிக்காரர் ஒருவருக்கு இதே மாதிரி கால். டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். மனுஷர் கேட்டுக்கொண்டார், துண்டை உதறித் தோளில் போட்டார், போய்விட்டார். உயிர் ஹனூரைத் தாண்டவில்லை என்று வண்டிக்காரன் வந்து சொன்னான். அன்றிலிருந்தே என் மொழிபெயர்ப்பில் கொஞ்சம் சர்க்கரை சேர்ந்திருந்தது.

கட்டிலருகே கன்னடத்தில் சொல்லி முடித்து, "ஹேளப்பா" என்றார் டாக்டர்.

"அழுகின சதையை வழிச்சு எடுக்கப் போறாங்க. நாளைக்குக் காலையில."

"அவ்வளவுதானுங்களா" என்றார் மாரப்பன். "ஆடிக்கு ஏர் புடிக்கலாமுங்களா?"

"பிடிக்கலாம்" என்றேன். மைப்பெட்டியை நீட்டினேன், சம்மதக் காகிதத்தில் கட்டைவிரலை வைத்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் கத்தி கத்தரிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"அழுகலை வழிக்கப் போறான்னு சொன்னயே, நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

தமிழ். மதராஸ் தமிழுமில்லை, எங்கள் ஊர்த் தமிழுமில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டி எடுத்த மாதிரி பழைய தமிழ், கன்னடத்து இழுப்போடு. என் கையிலிருந்த இடுக்கி கொதிநீரில் விழுந்தது.

"உங்களுக்குத் தமிழ் வருமா சார்?" என்றேன், முட்டாள் மாதிரி.

"ஆத்துல அதுதானே பேசறோம்."

மேலுக்கோட்டையிலிருந்து வந்த வைஷ்ணவக் குடும்பம். பல தலைமுறையாக வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். மைசூரில் இப்படியும் மனிதர்கள் இருப்பது, ஊர் ஊராகச் சுற்றிய எனக்குத் தெரியாது.

"மார்டள்ளிக்காரர்கிட்ட நெஜத்தைச் சொன்னேன், செத்துப்போனார் சார். இவராவது பிழைக்கட்டும்னுதான்."

"நானும் கேட்டுண்டுதானே இருந்தேன். ஆனா இவன் கண்ணு முழிச்சுப் போர்வையைத் தூக்கிப் பார்ப்பானே, அப்போ என்ன சொல்லப்போறே?"

"உயிரைவிடப் பெரிசா சார்?"

கொதிநீரில் விழுந்த இடுக்கியை அவரே இன்னோர் இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு, "எனக்கும் நிச்சயமாத் தெரியலை" என்றார். "பாஷை தெரியாதவனாட்டம் நின்னா எனக்கு ஒரு சௌகரியம். பொய் உன்னோடது, கத்தி மட்டும் என்னோடது. அது நன்னாயில்லை."

அந்தக் காகிதத்தை வாங்கிக் கிழித்தார். வார்டுக்குப் போய் மாரப்பனின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தக் காலத்து டாக்டர்கள் நோயாளி கட்டிலில் உட்கார மாட்டார்கள்.

"உம்ம காலை வழிக்கப் போறதில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்கணும். எடுக்காட்டா உயிர் போயிடும். எடுத்தாலும் பிழைப்பீர்னு சத்தியம் பண்ண முடியாது. வேண்டாம்னா போகலாம், யாரும் தடுக்க மாட்டா."

மைத்துனர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தன நாளா ஊமையாட்டம் நின்னுபோட்டு, இன்னிக்குத்தானுங்க உங்களுக்கு வாய் வரோணும்?"

மாரப்பன் டாக்டரையே பார்த்தார். "நீங்க பேசறது எங்கூருப் பெருமாள் கோயில்ல தீர்த்தம் குடுக்கறவரு பேசறாப்பல இருக்குதுங்க. சேதிதானுங்க அப்படி இல்ல." பிறகு என்னிடம், "ஏர் புடிக்கலாம்னு சொன்னீங்களே தம்பி" என்றார். கோபமே இல்லை. கோபித்திருக்கலாம்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மைத்துனர் கெஞ்சினார், அழுதார். வண்டி கட்டச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். டாக்டர் எழுந்திருக்கவில்லை. நாலு மணி அடித்தபோது மாரப்பன் திரும்பினார்.

"எடுக்கறதுக்கு முந்தி ஒருக்கா நடந்துக்கட்டுங்களா?"

அந்தக் காலைத் தரையில் வைக்கவே கூடாது. டாக்டர் என்னைப் பார்த்தார். "ஹேளப்பா" என்று சொல்லவில்லை. கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டார். மாரப்பனின் ஒரு கை அவர் தோளில், மறு கை என் தோளில். வார்டுக்கு வெளியே நீளத் தாழ்வாரம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனோம், திரும்பினோம். மாரப்பன் அந்தப் பாதத்தையும் ஊன்றி ஊன்றித்தான் நடந்தார்.

"மாதேசுரன் மலைக்கு ஏழு தடவ ஏறுன காலுங்க இது."

"நான் ஒரு தடவைகூட ஏறினதில்லை" என்றார் டாக்டர்.

"வாங்க, நான் கூட்டிட்டு..." என்று தொடங்கி மாரப்பன் நிறுத்திக்கொண்டார். கட்டிலுக்கு வந்து சேர்ந்ததும், "கொண்டாங்க அந்தக் காயிதத்த" என்றார்.

பிழைத்துக்கொண்டார். நாற்பது நாள் கழித்து ஆஸ்பத்திரித் தச்சர் செய்த கட்டையை ஊன்றி வண்டியேறினார். டாக்டரிடம் ஏதேதோ பேசினார். என்னிடம் "வரனுங்க தம்பி" என்று மட்டும். அதை மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன். அதன்பின் தமிழ்க்காரர்களிடம் டாக்டரே பேசினார். சிலர் எழுந்து போனார்கள், சிலர் இருந்தார்கள். எனக்குப் புண் கழுவுகிற வேலை மட்டும் மிஞ்சியது. வாய்க்கு வேலை போனதில் ரோஷமோ என்னவோ, அடுத்த கோடையில் ஷிமோகாவுக்கு ரயிலேறிவிட்டேன்.

சில வருஷம் முன்பு மைசூர் போனபோது அந்த ஆஸ்பத்திரிக்குள் எட்டிப் பார்த்தேன். டாக்டரின் பெயர் அங்கே யாருக்கும் தெரியவில்லை. தாழ்வாரத்தைப் பலகை வைத்துத் தடுத்து, ரத்தம் எடுக்க ஓர் அறை, எக்ஸ்ரே படம் பிடிக்க ஓர் அறை என்று வரிசையாக ஆக்கிவிட்டார்கள். ஓரத்தில் நடைபாதை மாதிரி கொஞ்சம் விட்டிருக்கிறது. மூன்று பேர் தோள் சேர்த்து நடக்க அங்கே அகலமில்லை.